கன்டெய்னருக்குள் ஓடும் ரெடிஸுக்கு நம் கான்ஃபிக்கைக் கொடுப்பது எப்படி

தரவை மெமரியில் வைத்து வேகமாகத் தரும் சர்வரான ரெடிஸுக்கு ஒரு கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புகளைச் சொல்லும் கோப்பை எழுதினேன், அது கன்டெய்னருக்குள் தெரியும்படி மவுன்ட் செய்தேன், கன்டெய்னர் ஓடியது, ஆப்பும் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் பார்த்துப் பார்த்து எழுதிய அந்தக் கான்ஃபிக் கோப்பை ரெடிஸ் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்று. மெமரிக்கு வரம்பு போட்டிருந்தேன், பாஸ்வேர்டும் வைத்திருந்தேன். இரண்டும் கோப்பில்தான் இருந்தன, ஓடுகிற சர்வரில் இல்லை. பாஸ்வேர்டு இல்லாமலே ஒருவர் உள்ளே போய்விட்டு வந்து சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நல்லவேளை, அவர் என் பக்கத்து நாற்காலிக்காரர்.

புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்குப் புதிதாக வருபவர்கள் பலர் விழும் குழி இது. காரணம் சின்னது. என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தங்கள் கான்ஃபிக் இருக்கும் என்று தாமே தேடிப் போய்ப் படிக்கும். ரெடிஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்று தொடங்கும்போதே சொன்னால்தான் படிக்கும். சொல்லாவிட்டால் உள்ளே எழுதிவைத்த இயல்பு மதிப்புகளோடு ஓட ஆரம்பித்துவிடும். ரெடிஸின் அதிகாரப்பூர்வ இமேஜுக்குள் (கன்டெய்னர் உருவாகும் அச்சுதான் இமேஜ்) கான்ஃபிக் கோப்பு என்று எதுவும் வைக்கப்படவும் இல்லை. ஆகவே கோப்பை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை, "இதைப் படி" என்று சொல்வது இன்னொரு வேலை. நான் முதலாவதை மட்டும் செய்திருந்தேன்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அதையே ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். '-டி' என்பது d, '-பி' என்பது p, '-வி' என்பது v, 'எம்பி' என்பது mb. ரெடிஸ் 7-ஐ மனதில் வைத்துச் சொல்கிறேன். உங்கள் கணினியில் டாக்கர் இருந்தால் போதும், ரெடிஸைத் தனியாக நிறுவ வேண்டாம்.

முதலில் வெறும் ரெடிஸை ஓட்டிப் பாருங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு முறை ஓட்டுவது நல்லது. பின்னால் வரும் மாற்றம் உண்மையிலேயே மாற்றம்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

டாக்கர் ரன் -டி --நேம் ரெட்1 ரெடிஸ்:7

பிறகு அதன் லாகைப் பாருங்கள்:

டாக்கர் லாக்ஸ் ரெட்1

தொடக்க வரிகளிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும். கான்ஃபிக் கோப்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை, இயல்பு அமைப்புகளைப் பயன்படுத்துகிறேன் என்பது அதன் பொருள். இந்த வரியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பு சரியாகப் போய்ச் சேர்ந்தால் இது மறைந்து, அந்த இடத்தில் 'கான்ஃபிகரேஷன் லோடட்' என்று வரும். என் இரண்டு வாரக் கதையில், முதல் நாளே லாகில் இந்த எச்சரிக்கை இருந்திருக்கிறது. எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போயிருந்தேன்.

ஒன்றிரண்டு மாற்றம் என்றால் கோப்பே வேண்டாம்

இரண்டே இரண்டு அமைப்பை மாற்றுவதற்குக் கோப்பு, மவுன்ட் என்றெல்லாம் போக வேண்டியதில்லை. கட்டளையின் கடைசியில் சேர்த்தாலே போதும்:

டாக்கர் ரன் -டி --நேம் ரெட்2 ரெடிஸ்:7 ரெடிஸ்-சர்வர் --மேக்ஸ்மெமரி 200எம்பி --மேக்ஸ்மெமரி-பாலிசி ஆல்கீஸ்-எல்ஆர்யு

கோப்பில் ஒரு வரியாக எழுதக்கூடிய எந்த அமைப்பையும் முன்னால் இரண்டு கோடு போட்டு இப்படிக் கொடுக்கலாம்.

இங்கே இமேஜின் பெயர்தான் எல்லைக்கோடு. 'ரெடிஸ்:7' என்பதற்கு முன்னால் இருப்பதெல்லாம் டாக்கருக்குச் சொல்வது, பின்னால் இருப்பதெல்லாம் ரெடிஸுக்குச் சொல்வது. போர்ட்டைத் திறக்கும் '-பி'யை இமேஜ் பெயருக்குப் பின்னால் போட்டால் அது ரெடிஸிடம் போய்ச் சேரும், அதற்கு ஒன்றும் புரியாது. மேக்ஸ்மெமரியை முன்னால் போட்டால் டாக்கர் முழிக்கும். புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்தக் கோட்டின் இரு பக்கமும் மாறிப்போன சங்கதிகள்தான்.

கோப்பும் கொடுத்து, கட்டளையிலும் அதே அமைப்பை வேறு மதிப்போடு கொடுத்தால் கட்டளையில் இருப்பதே செல்லும். ஒரே கோப்பை இரண்டு மூன்று கன்டெய்னருக்கும் வைத்துக்கொண்டு மெமரி வரம்பை மட்டும் தனித்தனியாகக் கொடுக்க இது வசதி.

பாஸ்வேர்டை மட்டும் இந்த வழியில் கொடுக்காதீர்கள். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' போட்டால் முழுக் கட்டளையும் அப்படியே தெரியும்.

என்விரான்மென்ட் வேரியபிளில் பாஸ்வேர்டை வைத்தால் ரெடிஸ் எடுத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அதிகாரப்பூர்வ இமேஜ் எடுத்துக்கொள்ளாது. வேறு சிலர் கட்டித் தரும் இமேஜ்களில் அந்த வசதி உண்டு. அவற்றுக்கான குறிப்பைப் பார்த்து அதிகாரப்பூர்வ இமேஜில் முயன்றுவிட்டு, பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

கோப்பை எழுதுவது

ஹோஸ்டில், அதாவது டாக்கர் ஓடும் உங்கள் கணினியில், ஒரு கோப்புறை உருவாக்குங்கள், 'கான்ஃப்' என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 'ரெடிஸ்.கான்ஃப்' என்று ஒரு கோப்பு. அதில் இவ்வளவு போதும்:

மேக்ஸ்மெமரி 200எம்பி
மேக்ஸ்மெமரி-பாலிசி ஆல்கீஸ்-எல்ஆர்யு
அப்பெண்ட்ஒன்லி நோ

மூன்றே வரிகள். நீங்கள் எழுதாத அமைப்புகளுக்கு இயல்பு மதிப்பை ரெடிஸ் தானே எடுத்துக்கொள்ளும். ரெடிஸின் மூல நிரலோடு ஒரு மாதிரிக் கோப்பு வரும். இரண்டாயிரம் வரிக்கு மேல் இருக்கும், பெரும்பகுதி விளக்கக் குறிப்புகள். படிப்பதற்கு அருமையானது, சொல்லப்போனால் ரெடிஸைப் பற்றிய நல்ல பாடப்புத்தகம் அதுதான். ஆனால் அதை அப்படியே எடுத்துக் கன்டெய்னருக்குள் போடாதீர்கள். தனிக் கணினியில் நேரடியாக ஓடும் ரெடிஸை நினைத்து எழுதப்பட்ட கோப்பு அது. கன்டெய்னருக்குள் வந்தால் அதிலுள்ள சில வரிகள் நம் காலை வாரிவிடும்.

முதலாவது 'பைண்ட் 127.0.0.1' என்ற வரி. தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்றுக்கொள் என்பது அதன் பொருள். கன்டெய்னருக்குள் போய்விட்டால் 'தன் கணினி' என்பது அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கும் உங்கள் ஆப் அதற்கு வெளியாள். போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. இதில் குழப்பம் என்னவென்றால், கன்டெய்னருக்குள் புகுந்து 'ரெடிஸ்-சிஎல்ஐ பிங்' என்று கேட்டால் 'பாங்' என்று சமர்த்தாகப் பதில் வரும். வெளியிலிருந்து கேட்டால் இணைப்பு கிடைக்காது. சர்வர் நன்றாகத்தானே இருக்கிறது, நெட்வொர்க்தான் கோளாறு என்று நெட்வொர்க்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்போம்.

அந்த வரியை நீக்கினாலும் அடுத்ததாக 'புரொடெக்டட்-மோட் யெஸ்' காத்திருக்கும். பாஸ்வேர்டு வைக்கவில்லை என்றால் வெளியிலிருந்து வரும் கட்டளைகளை அது மறுத்துவிடும். அதிகாரப்பூர்வ இமேஜில் இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, கன்டெய்னர்கள் தங்களுக்குள் சுலபமாகப் பேசிக்கொள்ளட்டும் என்பதற்காக. மாதிரிக் கோப்பைப் போட்டதும் அது திரும்ப உயிர் பெற்றுவிடும். பாஸ்வேர்டு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மாதிரியில் 'நோ' என்றே இருந்தாலும், பழைய சர்வரிலிருந்து எடுத்துவரும் கோப்புகளில் 'டீமனைஸ் யெஸ்' என்று அடிக்கடி இருக்கும். பின்னணியில் ஓடு என்று ரெடிஸுக்குச் சொல்லும் வரி. ரெடிஸும் சொன்னபடி தன்னைப் பிரதியெடுத்துப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, முதல் புராசஸை முடித்துக்கொள்ளும். டாக்கர் கண் வைத்திருப்பது அந்த முதல் புராசஸின் மேல்தான். அது முடிந்தால் கன்டெய்னரும் முடிந்தது. பிழை எதுவும் காட்டாமல், வெளியேறும் எண் 0 என்று சத்தமில்லாமல் நின்றுவிடும். கன்டெய்னருக்குள் டீமனைஸ் எப்போதும் 'நோ'. அதேபோல் 'லாக்ஃபைல்' என்று ஒரு பாதை கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'டாக்கர் லாக்ஸ்' வெறுமையாக இருக்கும்.

அப்புறம் கருத்துரை எழுதும் விதம். '#' குறி வரியின் தொடக்கத்தில் வந்தால்தான் ரெடிஸ் அதைக் கருத்துரையாக எடுத்துக்கொள்ளும். 'மேக்ஸ்மெமரி 200எம்பி # கேஷுக்கு' என்று வரியின் நடுவில் எழுதினால், மேக்ஸ்மெமரிக்கு ஒரு மதிப்புக்குப் பதில் மூன்று கொடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணி, தொடங்கவே மறுத்துவிடும்.

உள்ளே சேர்ப்பதும் சுட்டிக் காட்டுவதும்

டாக்கர் ரன் -டி --நேம் ரெட்3 -வி "$(பிடபிள்யுடி)/கான்ஃப்":/கான்ஃப் -வி ரெட்டேட்டா:/டேட்டா ரெடிஸ்:7 ரெடிஸ்-சர்வர் /கான்ஃப்/ரெடிஸ்.கான்ஃப்

முதல் '-வி' ஹோஸ்டில் உள்ள கோப்புறையைக் கன்டெய்னருக்குள் '/கான்ஃப்' என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இரண்டாவது, தரவுக்கான வால்யூம் (டாக்கர் பராமரிக்கும் சேமிப்பிடம்), அதைப் பிறகு பார்ப்போம். கடைசியில் இருக்கும் 'ரெடிஸ்-சர்வர் /கான்ஃப்/ரெடிஸ்.கான்ஃப்' என்பதுதான் நான் கோட்டைவிட்ட பகுதி. பல குறிப்புகளில் உள்ளிருக்கும் பாதை '/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/ரெடிஸ்' என்று இருக்கும். அது வெறும் வழக்கம். எங்கே வைத்தாலும் கடைசியில் அதே பாதையைச் சொன்னால் சரி.

கோப்பை மட்டும் தனியாக மவுன்ட் செய்யாமல் ஏன் கோப்புறையோடு மவுன்ட் செய்கிறோம்? இதற்கு வலுவான காரணம் உண்டு. விம் போன்ற எடிட்டர்கள் பல நேரம் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒரு கோப்பை எழுதி, அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடும். நம் கண்ணுக்கு அதே கோப்பு, ஃபைல் சிஸ்டத்துக்கு வேறு கோப்பு. தனிக் கோப்பாக மவுன்ட் செய்திருந்தால் கன்டெய்னர் அந்தப் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். 200-ஐ 400 என்று மாற்றியிருந்தால், ஹோஸ்டில் 'கேட்' (கோப்பைத் திறந்து காட்டும் கட்டளை) செய்தால் 400எம்பி, கன்டெய்னருக்குள் 'கேட்' செய்தால் 200எம்பி. பேய் பிடித்ததுபோல் இருக்கும். கோப்புறையாக மவுன்ட் செய்தால் இந்தப் பிரச்சினை எழாது.

தனிக் கோப்பு மவுன்ட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹோஸ்டில் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்றால், எழுத்துப்பிழையால்கூட இருக்கலாம், '-வி' அந்தப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கிவிடும். 'ரெடிஸ்.கான்ஃப்' என்ற பெயரில் ஒரு காலிக் கோப்புறை! '-வி'க்குப் பதிலாக '--மவுன்ட்' பயன்படுத்தினால், இல்லாத பாதைக்கு உடனே பிழை சொல்லிவிடும். எனக்கு அந்தக் கறார்தனம் பிடிக்கும். எழுத நீளம் என்பதால்தான் எல்லோரும் '-வி'யோடு நின்றுவிடுகிறார்கள்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்டெய்னர் ரூட்டாகத் தொடங்கினாலும், இமேஜில் உள்ள தொடக்க ஸ்கிரிப்ட் ரெடிஸ்-சர்வரை 'ரெடிஸ்' என்ற சாதாரணப் பயனராக மாற்றித்தான் ஓட்டும். அதன் எண் 999. உங்கள் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக, வேறு யாரும் படிக்க முடியாதபடி 600 என்ற அனுமதியில் இருந்தால் 999-ஆல் அதைத் திறக்க முடியாது. 'பெர்மிஷன் டினைடு' என்று நின்றுவிடும். பாஸ்வேர்டு இருக்கும் கோப்பு என்றால், எல்லோருக்கும் திறந்துவிடுவதைவிட அதன் உரிமையை 999-க்கு மாற்றிக் கொடுப்பது மேல். எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இயங்கும் கணினியில் அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், மவுன்ட் பாதையின் கடைசியில் ':இசட்' என்று பெரிய எழுத்தில் சேர்த்துப் பாருங்கள்.

கோப்பை நம்பாதீர்கள், சர்வரைக் கேளுங்கள்

கோப்பில் என்ன இருக்கிறது என்பது நம் ஆசை. சர்வரில் என்ன இருக்கிறது என்பதுதான் நிலவரம். ஓடுகிற ரெடிஸிடமே கேட்டுவிடலாம்:

டாக்கர் எக்ஸெக் ரெட்3 ரெடிஸ்-சிஎல்ஐ இன்ஃபோ சர்வர்

வரும் பட்டியலில் 'கான்ஃபிக்_ஃபைல்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே '/கான்ஃப்/ரெடிஸ்.கான்ஃப்' என்று இருந்தால் கோப்பு போய்ச் சேர்ந்தது. வெறுமையாக இருந்தால் நான் இருந்த அதே நிலையில் நீங்களும் இருக்கிறீர்கள். அடுத்து:

டாக்கர் எக்ஸெக் ரெட்3 ரெடிஸ்-சிஎல்ஐ கான்ஃபிக் கெட் மேக்ஸ்மெமரி

பதில் 209715200 என்று வரும். பயப்பட வேண்டாம், 200-ஐ 1024-ஆல் இரு முறை பெருக்கினால் வருவது அதுதான். 0 என்று வந்தால் வரம்பே இல்லை என்று பொருள்.

கன்டெய்னர் தொடங்கவே இல்லை என்றால் 'டாக்கர் லாக்ஸ்' பாருங்கள். கோப்பில் தவறு இருந்தால் எத்தனையாவது வரி என்பதையும் அந்த வரியையும் ரெடிஸ் அப்படியே எடுத்துக் காட்டும். 'பேட் டைரக்டிவ்' என்று வந்தால் பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது புதிய பதிப்பில் மட்டும் உள்ள அமைப்பைப் பழைய இமேஜுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் இமேஜின் பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள் என்கிறேன்.

மெமரிக் கணக்கு

கன்டெய்னரில் ரெடிஸ் ஓட்டுபவர் கட்டாயம் எழுத வேண்டிய வரி ஒன்றுண்டு என்றால் அது மேக்ஸ்மெமரி. 64 பிட் கணினியில் இதன் இயல்பு மதிப்பு 0, அதாவது கிடைக்கும் வரை எடுத்துக்கொள் என்பது.

டாக்கரிலும் '--மெமரி' என்று ஒரு வரம்பு உண்டு. இரண்டும் வேறு வேறு. ரெடிஸின் வரம்பைத் தொட்டால், நீங்கள் சொன்ன கொள்கைப்படி பழைய கீகளை, அதாவது பெயரிட்டு வைத்த தரவுகளை, நீக்கி ரெடிஸ் இடம் பண்ணும். டாக்கரின் வரம்பைத் தொட்டால் கெர்னல் வந்து புராசஸையே கொன்றுவிடும், 137 என்ற எண்ணோடு கன்டெய்னர் விழும். முதலாவது வீட்டுக்காரரே பழைய சாமானை ஒழித்துக்கட்டுவது, இரண்டாவது வீட்டையே இடிப்பது. ஆகவே ரெடிஸின் வரம்பு டாக்கரின் வரம்பைவிடத் தாராளமாகக் குறைவாக இருக்க வேண்டும்.

எவ்வளவு குறைவாக? ரெடிஸ் தரவை டிஸ்கில் பதிக்கும்போது தன்னைப் பிரதியெடுத்து ஒரு குழந்தைப் புராசஸை உருவாக்கும். இரண்டும் முதலில் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் எந்தெந்தப் பக்கங்களில் புதிதாக எழுதுகிறீர்களோ அந்தப் பக்கங்களுக்கு மட்டும் தனிப் பிரதி உண்டாகும். எழுத்து அதிகமுள்ள சர்வரில் இது கணிசமாக ஏறும், அதுவும் டாக்கரின் வரம்புக்குள்தான் கணக்காகும். வெறும் கேஷ் (வேறெங்கோ இருக்கும் தரவின் தற்காலிகப் பிரதி), டிஸ்கில் பதிப்பதே இல்லை என்றால் கால்வாசி இடம் விட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். டிஸ்கில் பதிப்பதாக இருந்தால் நான் பாதி இடம் விட்டுத் தொடங்குவேன். பிறகு 'இன்ஃபோ மெமரி' பார்த்து இறுக்கிக்கொள்ளலாம்.

அலகில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெடிஸ் கோப்பில் '256எம்பி' என்றால் 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம் பைட். '256எம்' என்றால் சரியாக 25 கோடியே 60 லட்சம் பைட். ஒற்றை எழுத்து ஆயிரத்தின் மடங்கு, 'பி' சேர்ந்தால் 1024-இன் மடங்கு. டாக்கரிலோ '256எம்' என்றாலே 1024 கணக்குதான். ஒரே எழுத்து, இரண்டு இடத்தில் இரண்டு பொருள். இதனால் பெரிய விபத்து எதுவும் நடந்துவிடாது, ஆனால் எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு மதியம் முழுக்க யோசிக்க வைக்கும்.

கொள்கையைப் பொறுத்தவரை, எழுதாவிட்டால் 'நோஎவிக்‌ஷன்'. இடம் தீர்ந்ததும் புதிதாக எழுத வரும் கட்டளைகளுக்குப் பிழை சொல்லும், படிப்பது மட்டும் நடக்கும். கேஷாகப் பயன்படுத்தினால் 'ஆல்கீஸ்-எல்ஆர்யு', அதாவது நெடுநாள் தொடாததை முதலில் நீக்கு. வரிசையாக வேலைகளை வைக்கும் கியூவாகப் பயன்படுத்தினால் நோஎவிக்‌ஷனே சரி. செய்ய வேண்டிய வேலையைச் சத்தமில்லாமல் தூக்கி எறிவதைவிடப் பிழை சொல்வது மேல். 'வாலட்டைல்' என்று தொடங்கும் கொள்கைகள் காலாவதி நேரம் வைத்த கீகளை மட்டுமே தொடும். அப்படி ஒரு கீகூட இல்லாவிட்டால் நோஎவிக்‌ஷன் போலத்தான் நடந்துகொள்ளும்.

டிஸ்கில் பதிப்பது: ஒரு வரியில் தரவு போய்விடும் இடம்

ரெடிஸ் தன் தரவைக் கன்டெய்னருக்குள் '/டேட்டா'வில் வைக்கும். நீங்கள் வால்யூம் எதுவும் சொல்லாவிட்டாலும் இமேஜ் தானே பெயரில்லாத ஒரு வால்யூமை உருவாக்கிக்கொள்ளும். கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக ஓட்டினால் புதிய பெயரில்லா வால்யூம் வரும், பழைய தரவு கண்ணில் படாது. கான்ஃபிக்கை மாற்றக் கன்டெய்னரைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் நமக்கு இது ஆபத்து. மேலே 'ரெட்டேட்டா' என்று பெயர் கொடுத்தது அதனால்தான்.

ரெடிஸ் இரண்டு வகையில் பதிக்கும். அவ்வப்போது மொத்தத் தரவையும் படம் எடுப்பது ஆர்டிபி. எழுதும் ஒவ்வொரு கட்டளையையும் குறித்துக்கொண்டே போவது ஏஓஎஃப். இயல்பாக முதலாவது மட்டும் ஓடும். இரண்டாவதை 'அப்பெண்ட்ஒன்லி யெஸ்' என்ற வரியால் இயக்கலாம்.

புதுச் சர்வர் என்றால் அந்த வரியை எழுதிவிட்டுத் தொடங்குங்கள், ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே ஆர்டிபியில் தரவு இருக்கும் சர்வர் என்றால், கோப்பில் 'யெஸ்' என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏஓஎஃப் இயக்கத்தில் இருந்தால் ரெடிஸ் தொடங்கும்போது அதிலிருந்துதான் தரவை எடுக்கும். ஏஓஎஃப் இன்னும் உருவாகவே இல்லை. ஆகவே ஆர்டிபி கோப்பு பக்கத்திலேயே இருந்தும் காலியாகத் தொடங்கும். அதற்குப் பிறகு ரெடிஸ் அடுத்த படத்தை எடுக்கும்போது பழைய படத்தின் மேல் எழுதிவிடும், அவ்வளவுதான்.

சரியான வழி இது. முதலில் வால்யூமில் உள்ள 'டம்ப்.ஆர்டிபி' கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடுகிற சர்வரிலேயே:

டாக்கர் எக்ஸெக் ரெட்3 ரெடிஸ்-சிஎல்ஐ கான்ஃபிக் செட் அப்பெண்ட்ஒன்லி யெஸ்

இப்போது மெமரியில் இருக்கும் தரவிலிருந்து ரெடிஸ் ஏஓஎஃப்பை எழுத ஆரம்பிக்கும். 'இன்ஃபோ பெர்சிஸ்டன்ஸ்' பட்டியலில் 'ஏஓஎஃப்_ரீரைட்_இன்_புரோகிரஸ்' 0 ஆகி, கடைசி ரீரைட்டின் நிலை 'ஓகே' என்று வரும் வரை பொறுத்திருங்கள். அதற்குப் பிறகு கோப்பில் 'யெஸ்' என்று எழுதுங்கள். கோப்பில் எழுத மறந்தால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழையபடி ஆர்டிபிக்குத் திரும்பிவிடும்.

பாஸ்வேர்டும் போர்ட்டும்

புரொடெக்டட் மோட் அணைந்திருக்கும் இமேஜில், '-பி 6379:6379' என்று போர்ட்டைத் திறந்துவிட்டுப் பாஸ்வேர்டும் வைக்காவிட்டால், அந்தக் கணினியை எட்ட முடிந்த யாரும் உள்ளே வரலாம். ஹோஸ்டில் ஃபயர்வால் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் நெட்வொர்க் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுவதால், யுஎஃப்டபிள்யு போன்ற ஃபயர்வால் போட்ட தடையைத் தாண்டிக்கொண்டு போர்ட் திறந்திருக்கும். ஆப்பும் கன்டெய்னரில்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வையுங்கள், '-பி'யே தேவையில்லை. ஹோஸ்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் '-பி 127.0.0.1:6379:6379'.

பாஸ்வேர்டுக்கு 'ரிக்வயர்பாஸ்' என்று எழுதி, பக்கத்தில் நீளமான ஒன்றைக் கொடுங்கள். ரெடிஸ் வேகமானது, ஆகவே வெளியாள் ஒருவர் நொடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டுவரை முயன்று பார்க்கலாம் என்று மாதிரிக் கோப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நினைவில் வைக்கக்கூடிய பாஸ்வேர்டு இங்கே உதவாது.

கான்ஃபிக் கோப்பை, பதிப்புகளைச் சேமிக்கும் கருவியான கிட்டில் வைப்பவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் வேறு கோப்பில் வைத்து, முதன்மைக் கோப்பின் கடைசி வரியாக 'இன்க்ளூட் /கான்ஃப்/ரகசியம்.கான்ஃப்' என்பதுபோல் எழுதலாம். கோப்புப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியாகப் படித்ததே செல்லும் என்பதால்தான் கடைசி வரி என்கிறேன்.

பிறகு மாற்ற வேண்டி வந்தால்

கோப்பை மாற்றியதும் ரெடிஸ் தானாகக் கவனித்துக்கொள்ளாது. தொடங்கும்போது ஒரு முறை படிப்பதோடு சரி. 'டாக்கர் ரீஸ்டார்ட் ரெட்3' செய்ய வேண்டும். ரீஸ்டார்ட், முதலில் கொடுத்த அதே கட்டளையோடும் அதே மவுன்ட்டோடும்தான் தொடங்கும். புதிதாக ஒரு மவுன்ட் சேர்க்க வேண்டும் என்றால் கன்டெய்னரை நீக்கித் திரும்ப உருவாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுத்தாமல் மாற்ற 'கான்ஃபிக் செட்' இருக்கிறது. ஆனால் அது மெமரியில் மட்டும் நிற்கும். கோப்பிலும் எழுத 'கான்ஃபிக் ரீரைட்' என்று ஒன்று உண்டு. அது புதிதாக ஒரு கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றும் வகையில் வேலை செய்வதால், தனிக் கோப்பு மவுன்ட்டில் தோற்றுப்போகும். கோப்புறை மவுன்ட்டில் 999-க்கு எழுதும் அனுமதி இருந்தால் நடக்கும். நான் ரீரைட்டைத் தொடுவதில்லை. 'செட்' செய்து பார்த்து, சரியாக வந்தால் கையாலேயே கோப்பில் எழுதிவிடுவேன். கிட்டில் இருக்கும் கோப்பை சர்வர் தன் இஷ்டத்துக்குத் திருத்துவது எனக்கு ஒத்துவராது. ரெடிஸ் சர்வர்களைக் கண்காணிக்கும் சென்டினலை ஓட்டுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது தன் கோப்பைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும், எழுதக்கூடிய கோப்புறை கொடுத்தே ஆக வேண்டும்.

கம்போஸ், சொந்த இமேஜ், குபர்நெட்டீஸ்

கன்டெய்னர்களை ஒரு கோப்பில் விவரித்து ஓட்டும் வசதிதான் கம்போஸ். கம்போஸ் கோப்பில் இதே விஷயம்தான் வேறு உருவில் வரும். 'வால்யூம்ஸ்' பகுதியில் './கான்ஃப்:/கான்ஃப்', 'கமாண்ட்' பகுதியில் 'ரெடிஸ்-சர்வர் /கான்ஃப்/ரெடிஸ்.கான்ஃப்'. இங்கேயும் மறந்துபோவது இரண்டாவதுதான். கான்ஃபிக் கோப்பை மட்டும் திருத்திவிட்டு 'டாக்கர் கம்போஸ் அப் -டி' போட்டால் ஒன்றும் நடக்காது, கம்போஸ் கோப்பில் மாற்றம் இல்லையே என்று அது சும்மா இருந்துவிடும். 'டாக்கர் கம்போஸ் ரீஸ்டார்ட்' போடுங்கள்.

கோப்பு அடிக்கடி மாறாது, பல கணினிகளில் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்றால் சொந்த இமேஜ் கட்டலாம். டாக்கர்ஃபைலில் மூன்று வரிகள்: 'ஃப்ரம்' வரியில் ரெடிஸ்:7, 'காப்பி' வரியில் கோப்பு, 'சிஎம்டி' வரியில் ரெடிஸ்-சர்வரும் கோப்பின் பாதையும். பாஸ்வேர்டை இதற்குள் வைக்காதீர்கள், இமேஜ் கிடைத்தவர் கையில் அதுவும் கிடைத்துவிடும்.

பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில், அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக்மேப் வழியாகக் கோப்பு வரும். அது படிக்க மட்டுமே கிடைக்கும், ரீரைட் நடக்காது. கான்ஃபிக்மேப்பை மாற்றினால் பாடுக்குள் (கன்டெய்னர் ஓடும் அலகுக்குள்) கோப்பு சற்று நேரத்தில் புதுப்பிக்கப்படும், ஆனால் ரெடிஸ் அதைப் படிக்கப் பாடை நீங்கள்தான் மறுபடி தொடங்க வேண்டும். கோப்பை மட்டும் தனியாக எடுத்துவைக்கும் 'சப்பாத்' வழியாக மவுன்ட் செய்திருந்தால் கோப்புகூட மாறாது. டாக்கரிலிருந்து வருபவர்களைக் குழப்பும் பெயர் ஒன்றும் உண்டு: குபர்நெட்டீஸில் 'கமாண்ட்' என்பது இமேஜின் தொடக்க ஸ்கிரிப்டையே தள்ளிவிடும். அந்த ஸ்கிரிப்ட்தான் ரூட்டிலிருந்து 999-க்கு மாற்றுவது, '/டேட்டா'வின் உரிமையைச் சரிசெய்வது எல்லாம். அதைத் தள்ளிவிட்டால் ரெடிஸ் ரூட்டாகவே ஓடும். 'ரெடிஸ்-சர்வர் /கான்ஃப்/ரெடிஸ்.கான்ஃப்' என்பதை 'ஆர்க்ஸ்' பகுதியில் எழுதுங்கள். பாட் எழுந்ததும் 'இன்ஃபோ சர்வர்' போட்டு அந்தக் 'கான்ஃபிக்_ஃபைல்' வரியைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.